அல்சரேட்டிவ் கோலைட்டிஸா, க்ரோன்ஸா? குடல் ஆபரேஷனுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடல் அறுவை சிகிச்சை வார்டில் 17 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து நிற்கும்போது வாயே திறக்காத அம்மாக்கள், ராத்திரி பதினோரு மணிக்கு நோயாளி கண் அசந்ததும் மெதுவாக எங்கள் மேஜைக்கு வந்து, "சிஸ்டர், ஒண்ணு கேட்கட்டுமா?" என்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கும்: நோயின் பெயரே உறுதியாகாதபோது குடலை எடுக்கலாமா, எடுத்தால் பிறகு என்ன ஆகும்? உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து, எப்போது ஆபரேஷன் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

ஐபிடி, ஐபிஎஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஐபிஎஸ் என்பது எரிச்சல் குடல் நோய். அதில் வலியும் அவதியும் உண்மைதான், ஆனால் குடலில் புண் இருக்காது. கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை செய்தாலும் குடல் சுத்தமாகத்தான் தெரியும். ஐபிடி என்பது குடல் அழற்சி நோய். தலைப்பில் உள்ள அல்சரேட்டிவ் கோலைட்டிஸும் க்ரோன்ஸும் அதன் இரண்டு முக்கிய வகைகள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விட்டு விட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை ஆகியவை இருந்தால் ஐபிஎஸ் என்று விட்டுவிடக் கூடாது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. குடலில் அழற்சி இருக்கிறதா என்பதை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

ரத்தம் போனபோது மூலம் என்றுதான் சொன்னார்கள். ஏன் தப்பாகப் போனது?

நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றாலே மூலம்தான். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டு, கோழிக்கறியை நிறுத்தி, கருணைக்கிழங்கு சாப்பிட்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூலத்தில் பொதுவாக மலம் போன பின் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் விழும், மலம் தனியாக இருக்கும். கோலைட்டிஸில் ரத்தம் சளியோடும் மலத்தோடும் கலந்து வரும், போய்விட்டு வந்த ஐந்து நிமிடத்தில் மறுபடி போக வேண்டும் போல இருக்கும். இந்த இரண்டாவது வகை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, அமீபா கிருமியாலும் இதேபோல ரத்தபேதி வரும். அதை ஐபிடி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகிற அளவுக்குப் போகலாம். அதனால்தான் எத்தனை அவசரமானாலும் முதலில் மலப் பரிசோதனை கேட்கிறார்கள்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கும் க்ரோன்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடதுபக்கம் வரை, சிலருக்குப் பெருங்குடல் முழுவதும். எவ்வளவு தூரம் ஏறினாலும் இடைவெளி விடாமல்தான் ஏறும், ஈரம் சுவரில் ஏறுகிற மாதிரி. புண் குடலின் உள்தோலோடு இருக்கும், சுவரைத் துளைத்துப் போகாது. சிறுகுடலைத் தொடாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், ஆபரேஷன் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

க்ரோன்ஸ் அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலோடு சேருகிற முனை, அதற்கு மிகவும் பிடித்த இடம். ஓரிடத்தில் புண், அடுத்து ஒரு முழம் நல்ல குடல், பிறகு மறுபடி புண் என்று தாவித் தாவிப் போகும். சுவரின் முழுக் கனத்தையும் பாதிப்பதால் ஆற ஆறத் தழும்பு இறுகி அடைப்பு வரும். அல்லது புண் துளைத்துக்கொண்டே போய்ப் பக்கத்துக் குடலோடும் சிறுநீர்ப்பையோடும் தோலோடும் வழி போட்டுக்கொள்ளும். ஆசனவாய் பக்கத்தில் அப்படி வந்தால் அதைத்தான் நாம் பௌத்திரம் என்கிறோம். சாதாரணமாகவும் பௌத்திரம் வரும்தான். ஆனால் இளம் வயதில், ஒன்றை ஆபரேஷன் செய்தால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தால் க்ரோன்ஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பெயர் வந்த கதையும் இந்தக் குழப்பத்தைக் காட்டும். நியூயார்க்கில் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் இந்த நோயை விவரித்தபோது அதைச் சிறுகுடல் நோயாகத்தான் எழுதினார்கள். அது பெருங்குடலிலும் வரும், அல்சரேட்டிவ் கோலைட்டிஸிலிருந்து வேறானது என்று லண்டனில் லாக்ஹார்ட்-மம்மெரி, மார்சன் இருவரும் தெளிவாக எழுதியது 1960-இல். நடுவில் 28 வருடம். பெருங்குடலில் மட்டும் நோய் இருக்கும்போது இரண்டையும் பிரிப்பது இன்றைக்கும் கஷ்டமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

முதலில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள், பிறகு க்ரோன்ஸ் என்கிறார்கள். ஆறு மாதம் வீணா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பார்கள். கோபம் புரிகிறது, ஆனால் நம் நாட்டில் இதை எளிதாகத் தவறு என்று சொல்லிவிட முடியாது. குடல் காசநோயும் அதே சிறுகுடல் முனையில்தான் உட்காரும். அதே வயிற்றுவலி, அதே எடைக்குறைவு, அதே காய்ச்சல், அதே அடைப்பு. சதையை எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகள் இருக்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த முடிச்சுகளைப் பற்றியதுதான். காசநோயில் அவை பெரிதாகவும் நிறையவும் ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கும், நடுவில் தயிர்க்கட்டி போல அழுகியிருக்கும். க்ரோன்ஸில் சிறிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். உள்ளே பார்க்கும்போது காசநோய்ப் புண் குடலைச் சுற்றி வளையம் போலவும், க்ரோன்ஸ் புண் நீளவாக்கில் கோடு போலவும் தெரியும் என்பார்கள். பௌத்திரம் இருந்தால் க்ரோன்ஸ் பக்கம் சாயும். வயிற்றில் நீர் கோத்திருந்தால், ஸ்கேனில் நடுப்பகுதி அழுகிய நெறிக்கட்டிகள் தெரிந்தால் காசநோய்ப் பக்கம் சாயும்.

எல்லாம் பார்த்த பிறகும் பிடிபடாவிட்டால் டி.பி. மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். காரணம் எளிது. காசநோயை க்ரோன்ஸ் என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியோ போட்டால், அடங்கிக் கிடந்த கிருமி உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "மருந்து வேலை செய்கிறதா என்று எப்போது உள்ளே பார்ப்பீர்கள்?" பசி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை என்பது மட்டும் போதாது. க்ரோன்ஸ் நோயாளிக்கும் டி.பி. மருந்தில் கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதுண்டு. காசநோய்ப் புண் என்றால் இரண்டு மாதத்திலேயே ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது மறுபடி கொலோனோஸ்கோபி செய்து பார்த்துப் புண் அப்படியே இருந்தால் யோசனையை மாற்றலாம். பார்க்காமலே ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று இழுத்துக்கொண்டு போனால், க்ரோன்ஸ் இருப்பவருக்கு அந்தக் காலத்தில் குடல் சுருங்கி அடைத்துவிடும். வீணாகப் போவது அந்த நாட்கள்தான்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் "இன்டிடெர்மினேட் கோலைட்டிஸ்" என்று இருக்கிறது. இது மூன்றாவது நோயா?

தனி நோய் இல்லை. ஐபிடி என்பது நிச்சயம், எந்த ஐபிடி என்பது இன்னும் நிச்சயமில்லை என்று பேத்தாலஜிஸ்ட், அதாவது எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டர், எழுதிக்கொடுக்கிறார். பெருங்குடலில் ஐபிடி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. இந்தப் பெயரை 1978-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆஷ்லி பிரைஸ், ஆபரேஷனில் எடுத்த முழுப் பெருங்குடல்களைப் பார்த்து எழுதினார். அதனால் குடலை எடுத்துப் பரிசோதித்த பிறகும் பிரிக்க முடியாதவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர், வெறும் பயாப்ஸியோடு நிற்பவர்களுக்கு "வகைப்படுத்தாத ஐபிடி" என்று 2005-இல் மான்ட்ரியல் வகைப்பாட்டில் பிரித்துச் சொன்னார்கள். நடைமுறையில் பல ரிப்போர்ட்டுகளில் இரண்டும் கலந்தே வருகின்றன.

சிலருக்குப் போகப் போக நோய் தன் முகத்தைக் காட்டும், பெயர் மாறும். சிலருக்குக் கடைசி வரை மாறாது. மருந்து மாத்திரையில் இரண்டுக்கும் பொதுவானவை நிறைய இருப்பதால் அதுவரை பெரிய தொந்தரவு இல்லை. கத்தி எடுக்கும்போதுதான் பெயர் முக்கியமாகிறது.

இத்தனை வசதி இருந்தும் பேத்தாலஜிஸ்டால் ஏன் முடிவாகச் சொல்ல முடியவில்லை?

அவர் கைக்கு வருவது என்ன என்று பாருங்கள். கொலோனோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் துணுக்கு ஒரு கடுகளவுதான், அதிலும் உள்தோல் மட்டும். சுவரின் ஆழம் அதில் இருக்காது. க்ரோன்ஸின் பக்கம் சாய வைக்கிற கிரானுலோமா பெரும்பாலான துணுக்குகளில் கிடைப்பதில்லை.

அதற்கு மேல் நோயும் ஏமாற்றும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மிகக் கடுமையாக இருக்கும்போது புண் ஆழமாகி, பிளவு பிளவாகச் சுவருக்குள் இறங்கி, பார்க்க க்ரோன்ஸ் மாதிரியே இருக்கும். ஆசனவாய் வழியாக எனிமா மருந்து போட்டிருந்தால் மலக்குடல் மட்டும் ஆறிப்போய், "மலக்குடல் நன்றாக இருக்கிறதே, க்ரோன்ஸாக இருக்குமோ" என்று தோன்றும். முழுப் பெருங்குடலும் பாதித்தவர்களில் சிலருக்குச் சிறுகுடலின் முனையிலும் கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கும், அதுவும் க்ரோன்ஸ் என்று நினைக்க வைக்கும். குழந்தைகளுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸின் ஆரம்பத்திலேயே திட்டுத் திட்டாக இருக்கலாம்.

ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் பயாப்ஸிக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதைப் பத்திரமாக வைத்திருங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருட்களில் பி-ஆன்கா என்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் அதிகம், ஆஸ்கா என்பது க்ரோன்ஸில் அதிகம். ஆனால் இரண்டுமே கட்டாயம் இருக்கும் என்றில்லை. ஆஸ்கா குடல் காசநோயிலும் வரும். இவற்றை மட்டும் நம்பி யாரும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள்.

ஆபரேஷன் எப்போது தேவைப்படும்?

அடைப்பு, ஓட்டை, அடங்காத ரத்தப்போக்கு, சீழ்க்கட்டி, புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய மாற்றம், மருந்துக்கு அடங்காத நோய். இவற்றில் கடுமையான அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வீட்டார் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

நோயாளியை அட்மிட் செய்து ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்குவோம். கட்டில் கம்பியில் ஒரு தாள் தொங்கும், ஒவ்வொரு முறை பாத்ரூம் போய் வந்ததும் நேரமும், ரத்தம் இருந்ததா என்பதும் எழுத வேண்டும். எழுதச் சொன்னால் நிறையப் பேர் வெட்கப்பட்டுக் குறைத்து எழுதுவார்கள். ஒரு கல்லூரிப் பையனின் தாளில் "4" என்று இருந்தது. அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினோரு தடவைம்மா, ராத்திரி மட்டும் அஞ்சு" என்றார். அந்த எண் ஏன் முக்கியம் தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1996-இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் நாளிலும் எட்டு முறைக்கு மேல் போனாலோ, மூன்று முதல் எட்டுக்குள் இருந்தாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 45-ஐத் தாண்டினாலோ, அந்த அட்மிஷனிலேயே குடலை எடுக்க வேண்டி வரும் வாய்ப்பு 85 சதவீதம் என்றார்கள். இப்போது இன்ஃப்ளிக்ஸிமாப், சைக்ளோஸ்போரின் போன்ற இரண்டாம் கட்ட மருந்துகள் இருப்பதால் பலருக்குக் குடலைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் அந்த மருந்துகளையும் நேரத்தோடு தொடங்க வேண்டும், பலிக்கவில்லை என்றால் நேரத்தோடு நிறுத்தவும் வேண்டும். தாளில் பொய் எழுதினால் அந்த நேரம் போய்விடும். பதினோரு தடவை என்றால் பதினொன்று என்றே எழுதுங்கள்.

"பை வைப்போம்" என்கிறார்கள். வயிற்றுக்கு வெளியிலா, உள்ளேயா?

தமிழில் இரண்டுக்கும் பை என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே வைக்கும் பைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க வெளியே பை தொங்கும் என்று நினைத்து மூன்று நாள் அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அதிலிருந்து நான் உள்பை, வெளிப்பை என்றுதான் சொல்கிறேன்.

வெளிப்பை என்பது இலியாஸ்டமி. சிறுகுடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைப்பார்கள், மலம் அதன் வழியாக ஒட்டியிருக்கும் பையில் விழும். உள்பை என்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்துச் செய்யும் சேமிப்பு அறை, அதை ஆசனவாயோடு இணைப்பார்கள். மலம் வழக்கமான வழியிலேயே போகும். லண்டனில் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் இருவரும் 1978-இல் இதை வெளியிட்டார்கள். இப்போது எங்கும் செய்கிற 'ஜே' வடிவ உள்பையை 1980-இல் அறிமுகப்படுத்தியவர் ஜப்பானின் உட்சுனோமியா.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் குடலை எடுத்துவிட்டால் முழுசாகக் குணமா?

சிறுகுடலைத் தொடாது என்று சொன்னேன் இல்லையா, அதனால் பெருங்குடலும் மலக்குடலும் போனால் நோய் இருக்க இடமில்லை. மாத்திரை நிற்கும், ரத்தம் நிற்கும், பெருங்குடல் புற்றுநோய்ப் பயம் ஏறக்குறைய தீரும். அந்த அர்த்தத்தில் குணம்தான்.

ஆனால் ஒரே நாளில் முடிகிற வேலை கிடையாது. அவசரமாகச் செய்தால் மூன்று கட்டம். முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்து, மலக்குடலை உள்ளேயே விட்டு, வெளிப்பை வைப்பார்கள். உடம்பு தேறி, ஸ்டீராய்டு நின்று, சில மாதம் கழித்து மலக்குடலை எடுத்து உள்பை செய்வார்கள். உள்பை ஆறும் வரை தற்காலிக வெளிப்பை இருக்கும். கடைசியில் அதையும் மூடிவிடுவார்கள். எலெக்டிவாகத் திட்டமிட்டுச் செய்தால் பெரும்பாலும் இரண்டு கட்டத்தில் முடியும்.

உள்பை பழகிய பிறகு ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு முறை போக வேண்டியிருக்கும், ராத்திரி ஒரு முறை எழுந்திருப்பதும் சகஜம். அவசரம் இருக்காது, அடக்க முடியும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பாத்ரூம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பெரிய விடுதலை. சிலருக்கு ராத்திரியில் லேசாகக் கசியும். உள்பையில் அழற்சி வருவதைப் பவுச்சைட்டிஸ் என்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றாவது ஒரு முறை வரும். திடீரென்று அதிக முறை போவது, வயிற்றைப் பிடித்து இழுப்பது, லேசான காய்ச்சல் என்று தெரியும். சிப்ரோஃப்ளாக்ஸசின் அல்லது மெட்ரோனிடசோல் இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறு பகுதியினருக்கு மட்டும் நாள்பட்டதாக மாறும். உள்பை தோற்றுப்போய் நிரந்தர வெளிப்பைக்குப் போக வேண்டியவர்கள், பத்து வருடக் கணக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்.

க்ரோன்ஸில் கெட்ட குடலை எடுத்தால் திரும்ப வருமா?

வரும் என்று நினைத்துத்தான் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டும். பெல்ஜியத்தில் லூவென் மருத்துவர் ருட்கீர்ட்ஸும் அவருடைய குழுவும் 1990-இல் ஆபரேஷன் முடிந்தவர்களை ஒரு வருடத்துக்குள் உள்ளே பார்த்தபோது, 73 சதவீதம் பேருக்குத் தைத்த இடத்துக்கு மேலே புண் மறுபடி தொடங்கியிருந்தது. ஆனால் தொந்தரவு உணர்ந்தவர்கள் மொத்தத்தில் 20 சதவீதம் மட்டும். "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு ஸ்கோப்பி" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். இரண்டாவது ஆபரேஷன் ஐந்து வருடத்துக்குள் நாலில் ஒருவருக்கும், பத்து வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கும் தேவைப்படுகிறது.

அதனால் க்ரோன்ஸில் சர்ஜன் கஞ்சத்தனமாகத்தான் வெட்டுவார். அடைப்புக்குக் காரணமான துண்டை மட்டும் எடுப்பார். முடிந்த இடத்தில் வெட்டாமல் சுருக்கத்தை நீளவாக்கில் கீறி அகலவாக்கில் தைத்து விரித்துவிடுவார். திரும்பத் திரும்ப வெட்டினால் சாப்பாட்டை உறிஞ்சப் போதுமான குடல் மிஞ்சாது. சிறுகுடல் முனையை நீளமாக எடுத்திருந்தால் பி12 ஊசி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படலாம். பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கித் தண்ணீர்ப் பேதியும் வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. சிறுகுடல் முனையில் மட்டும் சிறிதளவு நோய் இருப்பவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியும் வாழ்க்கைத் தரத்தில் ஏறக்குறைய சமமான பலன் தந்தன என்று நெதர்லாந்து, பிரிட்டன் மருத்துவர்கள் 2017-இல் காட்டினார்கள். ஊசியின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். செய்த பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்து, புண் தலைகாட்டியிருந்தால் அப்போதே மருந்தைக் கூட்ட வேண்டும்.

சிகரெட்?

க்ரோன்ஸ் என்றால் விட்டே ஆக வேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பு புகைப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நோயாளியும் அவர் வீட்டாரும் பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை இதுதான்.

இன்டிடெர்மினேட் என்றால் உள்பை வைக்கலாமா?

பலருக்கு வைக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2000-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். உள்பை வைத்துப் பத்து வருடத்தில், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்காரர்களில் 11 சதவீதம் பேருக்கும் இன்டிடெர்மினேட்காரர்களில் 27 சதவீதம் பேருக்கும் உள்பை தோற்றது. படித்ததும் பயமாக இருக்கும். அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இன்டிடெர்மினேட்காரர்களில் 15 சதவீதம் பேருக்குப் பின்னாளில் க்ரோன்ஸ் என்று தெரியவந்தது, மற்றவர்களில் அது 2 சதவீதம். அந்த க்ரோன்ஸ்காரர்களை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. க்ளீவ்லாந்து கிளினிக்கில், பொறுக்கி எடுத்த இன்டிடெர்மினேட் நோயாளிகளுக்குச் செய்தபோது, தோல்வி விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

ஆக, ஒளிந்திருக்கும் க்ரோன்ஸை முன்கூட்டியே தேடிப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறுகுடலை எம்.ஆர். ஸ்கேனில் பார்த்தார்களா? ஆசனவாயில் பௌத்திரமோ பழைய தழும்போ இருக்கிறதா என்று நன்றாகப் பரிசோதித்தார்களா? பழைய ஸ்லைடுகளைக் குடல் நோயில் அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்ட் ஒருவர் மறுபடி பார்த்தாரா? இந்த மூன்றையும் கேளுங்கள்.

இங்கே மூன்று கட்ட ஆபரேஷனுக்கு ஒரு நன்மை உண்டு. முதல் கட்டத்தில் எடுத்த பெருங்குடலை ட்ரேயில் வைத்து வீட்டாரிடம் காட்டுவார்கள். பச்சைத் துணியில் சுருண்டு கிடக்கும், சைக்கிள் டியூப் மாதிரி. பார்க்கச் சங்கடமாக இருக்கும். அது பிறகு ஃபார்மலின் நிரப்பிய டப்பாவில் லேபுக்குப் போகிறது. பேத்தாலஜிஸ்ட் கைக்குக் கடுகளவு துணுக்குக்குப் பதிலாக முழுக் குடலும், சுவரின் முழுக் கனத்தோடு கிடைப்பது அப்போதுதான். அந்த ரிப்போர்ட் முழுமையாக வந்து, சர்ஜனும் குடல் டாக்டரும் உட்கார்ந்து பேசிய பிறகு உள்பையை முடிவு செய்யலாம். "கல்யாணத்துக்குள் பையை எடுத்துவிட வேண்டும்" என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அடுத்த தேதி கேட்பவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன், இந்த மூன்று மாதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று.

உள்பை வைத்த பிறகு க்ரோன்ஸ் என்று தெரிந்தால்?

உள்பையில் அடிக்கடி அழற்சி, அதற்கு மேலுள்ள சிறுகுடலில் புண், வருடம் கழித்துப் புதிதாகப் பௌத்திரம் வந்தால் சந்தேகிப்பார்கள். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்று சரியாகவே முடிவு செய்து வைத்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு நிலை வரக்கூடும். அதனால் உடனே யார்மீதும் பழி போட வேண்டாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகளால் பலர் உள்பையைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தோல்வி வாய்ப்பு அதிகம், பல கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. க்ரோன்ஸ் என்று முன்பே தெரிந்திருந்தால் பெரும்பாலான சர்ஜன்கள் உள்பை வேண்டாம் என்பது இதனால்தான்.

வெளிப்பையோடு என்ன சாப்பிடலாம்?

முதல் ஆறு வாரம் குழைந்த சாதம், இட்லி, தயிர், நன்றாக வெந்த பருப்பு. முருங்கைச் சக்கை, தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான், வாழைத்தண்டு ஆகியவை வயிற்றில் வெளியே தைத்த குடல் வாயிலில் போய் அடைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சேர்க்கலாம். தண்ணீர் விஷயத்தில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பையில் தண்ணீராகப் போகிறது என்று இன்னும் இன்னும் வெறும் தண்ணீர் குடிப்பார்கள். போவது தண்ணீரோடு உப்பும் சேர்ந்துதான். வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க இன்னும் அதிகமாக வெளியேறும். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, உப்புப் போட்ட மோர் குடியுங்கள். பையில் விழுவது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டி, சிறுநீர் குறைந்து, கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் இப்படி வருகிறவர்கள் எங்கள் வார்டில் அதிகம்.

கல்யாணம், குழந்தை?

வெளிப்பையோடும் உள்பையோடும் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேச வேண்டும். மலக்குடலை எடுத்து உள்பை வைக்கும்போது இடுப்புக்குள் ஒட்டுதல் ஏற்பட்டுப் பெண்களுக்குக் கரு தரிப்பது கடினமாகலாம். லேப்ராஸ்கோப்பியில் செய்தால் அந்தப் பாதிப்பு குறைவு. முதல் கட்டத்தோடு நிறுத்தி, குழந்தை பெற்ற பிறகு மலக்குடலை எடுத்துக்கொள்கிற வழியும் சிலருக்கு ஒத்துவரும். ஆண்களுக்கு இடுப்பு நரம்புகள் பாதிக்கப்படும் சிறு வாய்ப்பு உண்டு. கூச்சப்படாமல் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். மாமியார் முன்னால் கேட்க முடியாது என்றால் நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள், நாங்கள் டாக்டரைத் தனியாக வரச் சொல்வோம்.

எந்தெந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

எல்லா கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டும், முடிந்தால் கலர் படங்களோடு. ஸ்கேன் சி.டி.க்கள். டி.பி. மருந்து சாப்பிட்டிருந்தால் தொடங்கிய தேதி, முடித்த தேதி. ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எத்தனை சென்டிமீட்டர் எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பது ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும்.

அப்புறம், பயாப்ஸி ரிப்போர்ட்டின் மேல்மூலையில் ஒரு எண் இருக்கும். உங்கள் சதை அந்த எண்ணில்தான் மெழுகுக் கட்டியாக லேபில் இருக்கிறது. பிளாக் என்பார்கள், தீப்பெட்டியில் பாதி அளவு. கடிதம் கொடுத்துக் கேட்டால் பிளாக்கையும் ஸ்லைடையும் தருவார்கள், இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். எல்லா லேபும் காலம் முழுக்க வைத்திருக்காது, அதனால் முதல் பயாப்ஸியின் பிளாக்கை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வெயில் படாத அலமாரியில், பஞ்சில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். கார் டேஷ்போர்டில் வைத்து மதிய வெயிலில் உருக்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.